திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்

பெரியோர் சிலருடைய புகழ் அவர் எடுப்பித்த மாளிகைகளால் நிலைபெறும். சிலருடையது அவர் இயற்றிய நூல்களால் நிலைபெறும். நாம் ஈண்டுக் கூறப் புகுந்த பெரியாரின் புகழோ, யாவரும் நடந்து செல்லும் ஊர்ப் பொதுத் தெருவில் நிலைபெற்றிருக்கின்றது. சென்னைச் சட்டசபையில் நெடுங்காலம் அங்கத்தினராய் விளங்கிய திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனாரே அவர்.

செங்கற்பட்டு ஜில்லாவிலுள்ள கோழியாளம் என்னும் சிற்றூரில், தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பில், 1860-ம் ஆண்டில் இவர் பிறந்தார். கோயமுத்தூரில் இவர் கல்வி பயின்ற காலத்தில் உடன் பயின்றோர் ஏறக்குறைய 400 பேர். அவருள் 10 பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணப் பிள்ளைகள். தம் குலமும் இருப்பிடமும் பிறர்க்குத் தெரிந்துவிடுமோ என அஞ்சி, மணி அடிக்கும்வரை கலாசாலைக்கு வெளியே ஓரிடத்திலிருந்து படித்துக்கொண்டிருப்பார். வகுப்பு முடிந்தவுடன், எவரும் உடன் வாராதபடி விரைந்து வீடு சேர்வார். விளையாடும் பருவத்தில் விளையாட இயலாத அத்துயரை முதுமையிலும் அவர் மறந்தாரல்லர். 1939-ம் ஆண்டில் வெளியிட்ட தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் அதனைக் குறித்துவைத்துள்ளார்.

பின்னர் நீலகிரியில் ஓர் ஆங்கிலக் கம்பெனியில் கணக்கராய் அமர்ந்து, சில ஆண்டுகள் கழித்துச் சென்னை சேர்ந்தார். 1891-ம் ஆண்டில் பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நான்கு பக்கங்கொண்ட ஒரு சிறு பத்திரிகையை இரண்டணா விலையில் வெளியிட்டார். முதலில் மாதம் ஒருமுறையும், மூன்று மாதங்கழித்து வாரம் ஒருமுறையும் வெளிவந்த அப்பத்திரிகைக்கு அவர் இட்ட பெயர் ‘பறையன்’ என்பது. குலத்தை மறைத்துப் பயின்ற சிறுவன், வளர்ந்தபின் அக்குலப்பெயரையே பத்திரிகையின் முகப்பில் பொறித்தமை நாம் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. தன்னை இன்னான் என்று அஞ்சாது கூறாதவன் உரிமை பெறான் என்பது அவர் துணிபு. அப்பத்திரிகை 1900-ம் ஆண்டு வரை நடைபெற்றது.

சிவில் சர்வீஸ் பரீட்சையை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்தல் வேண்டுமென அக்காலத்தில் காங்கிரஸ் மகாசபையார் கேட்டனர். சீனிவாசனாரோ 1893-ம் ஆண்டில் பல்லாயிரவர் கையொப்பம் வாங்கி, அதனை மறுத்துப் பார்லிமெண்டுக்கு விண்ணப்பம் விடுத்தார். கல்வி பெற்ற சாதியாரே உத்தியோகங்களைக் கைப்பற்றுவர் என்றும், ஏழைகள் மேலும் நசுக்கப்படுவர் என்றும் அவர் அஞ்சினார். அவர் கொள்கையை ஏலாதாரும் அவ்வச்சத்தின் காரணத்தை மறுத்தல் அரிது.

1900-ம் ஆண்டில் இங்கிலாந்து செல்லும் எண்ணத்துடன் கப்பலேறியவர், இடையில் ஆப்பிரிக்காவிலேயே தங்கிவிட்டார். தென்னாப்பிரிக்காவில் மொழிபெயர்ப்பாளராய்ப் பணிபுரிந்து, 1921-ம் ஆண்டில் தாயகம் திரும்பினார்.

அறுபது வயது கடந்தபின்னரே அவருடைய சட்டசபை வாழ்வு தொடங்கிற்று. தாழ்த்தப்பட்டோர் தேர்தலில் வெல்லுதற்கு வழியில்லாத அந்நாளில், அவ்வகுப்பாரின் பிரதிநிதிகளைச் சர்க்காரே நியமித்து வந்தனர். அங்ஙனம் 1923-ம் ஆண்டில் சென்னைச் சட்டசபையில் நியமனம் பெற்ற சீனிவாசனார், மறுவருஷமே ஒரு தீர்மானத்தைக் கொணர்ந்தார். எந்த ஊரிலும் எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் எவ்வகுப்பாரும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், சர்க்கார் அலுவலகம், பொதுமக்கள் கூடுமிடம் ஆகியவற்றை ஏனைய இந்துக்களைப் போலவே தாழ்த்தப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். சபை அதனை ஏற்றது. சர்க்காரும் ஆணை பிறப்பித்தனர்.

ஆணை பிறந்தவுடன் தெருக்கள் திறந்துவிட்டனவோ எனின், இல்லை. அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த பாலக்காட்டின் கல்பாத்தி அக்கிரகாரத்தில், அவ்வாண்டிலேயே தெருவில் நடக்க வந்தோர் தடுக்கப்பட்டனர், பெருங்கலகமும் விளைந்தது. வரிப்பணத்தால் அமைந்த தெருவில் கால்வைப்பதற்கும் ஒரு சட்டசபைத் தீர்மானம் வேண்டியிருந்தது, அத்தீர்மானமும் போதாதிருந்தது. ஆயினும் நீதியைக் கேட்போர்க்குக் காட்டுதற்கு ஒரு சாசனம் கிடைத்தது. சீனிவாசனார் தளர்ந்தாரல்லர், ஏறக்குறையப் பதினைந்தாண்டுகள் அச்சபையில் தொண்டாற்றினார்.

1930, 1931-ம் ஆண்டுகளில் இலண்டனில் கூடிய வட்டமேசை மகாநாடுகளுக்கு டாக்டர் அம்பேத்காரும் இவரும் தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதிகளாய்ச் சென்றனர். தம் வகுப்பார்க்குக் குடியுரிமைகளும் தனித்தொகுதியும் வேண்டுமென இருவரும் வாதாடினர். 1932-ம் ஆண்டில் அளிக்கப்பட்ட தனித்தொகுதியை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாநோன்பு மேற்கொண்டார். அதன் பயனாய் எழுந்த பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டாருள் சீனிவாசனாரும் ஒருவர். தனித்தொகுதி நீங்கிப் பொதுத்தொகுதியில் இடஒதுக்கீடு வந்தது. சென்னைக்குக் கிடைத்த இடங்கள் 30.

ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்னும் பட்டங்கள் இவரை ஒன்றன்பின் ஒன்றாய் அடைந்தன. 1945-ம் ஆண்டு செப்டம்பர் 18-ம் நாள் இவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

1950-ம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 17-ம் விதி தீண்டாமையை ஒழித்தது. 15-ம் விதியோ கிணறு, குளம், சாலை, பொதுமக்கள் கூடுமிடம் ஆகியவற்றை எவர்க்கும் மறுத்தலாகாது என்கின்றது. அச்சொற்கள் 1924-ம் ஆண்டுத் தீர்மானத்தை எவ்வளவு ஒத்திருக்கின்றன! அந்நாளைக் காண அவர் இருந்தாரல்லர்.

மாணவ நண்பர்களே, சட்டம் தெருவைத் திறக்கும். உள்ளத்தைத் திறத்தல் நம் கடமை. குலம் வெளிப்படுமோ என அஞ்சி வாயிலுக்கு அப்பால் ஒதுங்கி நின்ற அக்கோயமுத்தூர் மாணவனைப் போல் நம்முடன் பயில்வோருள் ஒருவரேனும் இன்று உளரோ என ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போமாக. இருப்பின், அவரை உள்ளே அழைத்துவந்து நம் பக்கத்தில் அமர்த்துவதே சீனிவாசனார்க்கு நாம் செய்யத்தகும் நன்றியாகும்.