உருகிய உப்பில் உதித்த உலோகம்

மண்ணில் மிகுதியாய் மறைந்து கிடக்கும் உலோகம் அலுமினியம். எனினும், ஆக்சிஜனின் பிடியிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தல் அரிதாயிருந்தமையால், 1884இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் சூட்டத்தக்க விலையுயர் பொருளாக அது மதிக்கப்பட்டது. அதனை எளியோர் அடுக்களைக்கும் உரியதாக்கிய பெருமக்களுள் ஒருவர் சார்லஸ் மார்ட்டின் ஹால்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், 1863 டிசம்பர் 6ஆம் நாள் ஒரு சமயப் போதகரின் மகனாகப் பிறந்தார் ஹால். ஓபர்லின் கல்லூரியில் பயின்றபோது வேதியியற் பேராசிரியர் ஜூவெட் அலுமினியத்தின் அருமையை எடுத்துரைத்தார். ஆசிரியர் தூவிய வித்து மாணவர் உள்ளத்தில் வேரூன்றியது. 1885இல் பட்டம் பெற்றபின் வீட்டு விறகுக் கொட்டகையே அவருடைய ஆய்வுக்கூடமாயிற்று. அதே கல்லூரியில் வேதியியல் கற்ற தமக்கை ஜூலியா உற்ற துணையானார்.

அலுமினியச் சேர்மத்தை நீரில் கரைத்து மின்சாரம் செலுத்தினால் உலோகத்திற்கு மாறாக ஹைட்ரஜனே வெளிப்பட்டது. அலுமினாவை நேரே உருக்கவோ 2000 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். நீருமின்றி, அத்துணை நெருப்புமின்றி அதனைக் கரைக்கவல்லது யாது? ஏறத்தாழ 1000 பாகையில் உருகும் கிரையோலைட் என்னும் புளோரைடு உப்பே விடையாயிற்று. 1886 பிப்ரவரியில், அவ்வுப்புக் குழம்பில் அலுமினா நீரிற் சர்க்கரைபோற் கரைவதை ஹால் கண்டார்.

ஆயினும் முதன்முறை மின்சாரம் செலுத்தியபோது உலோகம் கிட்டவில்லை. களிமண் மூசையிலுள்ள சிலிக்காவே கரைந்து கெடுக்கின்றது என உணர்ந்து, அதன் உட்புறத்திற்குக் கரியாலான உறை அமைத்தார். பிப்ரவரி 23ஆம் நாள் அலுமினியம் சிறு மணிகளாகத் திரண்டது. அன்று அவருக்கு அகவை 22.

அவ்வாண்டு ஏப்ரலில், பிரான்சு நாட்டில் பால் எரூ என்னும் ஒத்த அகவை இளைஞர் இதே முறைக்குக் காப்புரிமை கோரினார். இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர். ஹால் விண்ணப்பித்ததோ ஜூலையில். முந்தியவர் யார் என்ற வினா எழுந்தபோது, பிப்ரவரி நாளை மெய்ப்பித்தவை நாளிட்ட மடல்களும் ஜூலியா உள்ளிட்டோர் அளித்த சான்றுமே. 1889இல் அமெரிக்கக் காப்புரிமை ஹாலுக்குக் கிட்டியது. இன்றும் உலகெங்கும் வழங்கும் அம்முறை ஹால், எரூ என்னும் இருவர் பெயரையும் தாங்கி நிற்கின்றது. ஜூலியாவின் பெயர் அதில் இல்லை.

1888இல் பிட்ஸ்பர்க் நகரில் தொடங்கிய தொழிற்சாலை ஹாலைப் பெருஞ்செல்வராக்கியது. உலோகத்தின் விலையோ வீழ்ந்தது. ஒரே ஆண்டிற் பிறந்த எரூவும் ஹாலும் 1914 என்னும் ஒரே ஆண்டில் மறைந்தனர். மணம்புரியாத ஹால், தம் செல்வத்தில் மூன்றில் ஒரு பங்கை ஓபர்லின் கல்லூரிக்கும், மற்றொரு பங்கை ஆசியா, பால்கன் நாடுகளின் கல்விக்கும் எழுதிவைத்தார். வகுப்பறையில் கேட்ட சொல்லுக்கு அவர் செலுத்திய கைம்மாறு அது.