ஊசியால் எழுதிய அம்மையார்: ஹாரியெட் பவர்ஸ்

மன்னர்கள் தம் வெற்றியைக் கல்லில் பொறித்தார்கள். செல்வர்கள் தம் கொடையைச் செப்பேட்டில் வெட்டினார்கள். கற்றவர்கள் தம் எண்ணத்தை ஏட்டில் எழுதினார்கள். கல்லும் செப்பேடும் ஏடும் கிட்டாத எளிய மக்கள் என்ன செய்தார்கள்? அவர்களுக்கும் அச்சம் இருந்தது, துயரம் இருந்தது, சொல்ல வேண்டிய செய்தி இருந்தது. சிலர் பாட்டில் சொன்னார்கள். சிலர் கோலத்தில் சொன்னார்கள். அமெரிக்க நாட்டில் அடிமையாகப் பிறந்த ஒரு பெண்மணி, துணித் துண்டுகளை வெட்டித் தைத்த போர்வையில் சொன்னார். அவர் பெயர் ஹாரியெட் பவர்ஸ். அவர் கைவேலையில் இன்று எஞ்சியிருப்பவை இரண்டே இரண்டு போர்வைகள். அவ்விரண்டும் அந்நாட்டின் பெருமைமிக்க கலைச் செல்வங்களாகப் போற்றப்படுகின்றன.

வடநாட்டில் பயிலும் நமக்குப் போர்வையைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மார்கழி, தைக் குளிரில் ரஜாய்க்குள் புகுந்து பாடம் படிக்கும் நண்பர்கள் அதன் அமைப்பை நன்கு அறிவார்கள். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே பஞ்சு. மூன்றும் விலகாதபடி குறுக்கும் நெடுக்கும் தையல். அமெரிக்கப் பெண்கள் இந்த மேல்துணியைப் பல நிறத் துண்டுகளால் அமைப்பார்கள். துணியை உருவங்களாகக் கத்தரித்து, மற்றொரு துணியின்மேல் வைத்துத் தைப்பதும் உண்டு. நம் ஊர்த் தேர்களில் தொங்கும் தொம்பைகளிலும் சீலைகளிலும் காணும் ஒட்டுத்தையல் இவ்வகையினதே. ஹாரியெட் கையாண்டதும் இம்முறையே.

பிறப்பும் இளமையும்

1837ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் நகருக்கு அருகே ஹாரியெட் பிறந்தார். அது பருத்தி நாடு. பருத்தியை விதைத்ததும் களையெடுத்ததும் காய் வெடித்ததும் பறித்ததும் அடிமைகளின் கைகள். விற்ற பணம் சேர்ந்தது ஆண்டையின் பெட்டியில். மனிதரை மனிதர் விலைக்கு வாங்கிய காலம் அது. அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பது குற்றம் என்று ஜார்ஜியா மாநிலம் 1829ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்திருந்தது. உடலைக் கட்டச் சங்கிலி போதும். உள்ளத்தைக் கட்ட எழுத்தை மறைக்க வேண்டும் என்பதை ஆண்டைகள் அறிந்திருந்தார்கள்.

1855இல் ஹாரியெட் ஆர்ம்ஸ்டெட் பவர்ஸ் என்பவரை மணந்தார். குழந்தைகள் ஒன்பதுக்குக் குறையாமல் பிறந்தன. உள்நாட்டுப் போர் முடிந்து 1865இல் அடிமை முறை ஒழிந்தபோது அவருக்கு வயது இருபத்தெட்டு. விடுதலை வந்தது, ஆனால் நிலம் வரவில்லை. உழைத்து உழைத்து, 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் கணவனும் மனைவியும் நான்கு ஏக்கர் நிலத்துக்கு உரியவர்களானார்கள். நேற்றுவரை தாமே பிறர் உடைமையாக இருந்தவர்களுக்கு அந்த நான்கு ஏக்கர் எத்தகைய பெருமை என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

முதற் போர்வை

1886ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் ஒரு பருத்திக் கண்காட்சி நடைபெற்றது. விளைபொருள்களுக்கும் கைவேலைகளுக்கும் நடுவே ஹாரியெட்டின் போர்வை ஒன்று தொங்கியது. உயரம் ஆறடிக்குச் சற்று மேல். அகலம் ஏழடிக்குச் சற்று மேல். அதில் மூன்று வரிசையாகப் பதினொரு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் விவிலியக் கதை ஒன்று. ஏதேன் தோட்டத்தில் ஆதாமும் ஏவாளும், அவர்களை மயக்கும் பாம்பும், தம்பி ஆபேலைக் கொல்லும் காயீன், யாக்கோபு கனவில் கண்ட ஏணி, இயேசு பெற்ற திருமுழுக்கு, முப்பது வெள்ளிக்காசுக்குத் தலைவனைக் காட்டிக்கொடுத்த யூதாஸ், கடைசி இராவுணவு, சிலுவைப்பாடு.

இவை யாவரும் அறிந்த கதைகள்தாம். ஆனால் யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்துக் கதையின் பொருள் ஆழமாகிறது. உடன்பிறந்தவன் சிந்திய இரத்தம் மண்ணில் ஓடுவதையும், மனிதன் காசுக்கு விற்கப்படுவதையும், குற்றமற்றவர் மரத்தில் தொங்குவதையும் அடிமைச் சந்தையின் நிழலில் வளர்ந்த ஒருவர் தைக்கும்போது, அது பழங்கதையாக மட்டும் நின்றுவிடுமா? ஹாரியெட் யாரையும் குறிப்பிட்டுப் பழிக்கவில்லை. கதையைத் தைத்தார், உணர வேண்டியதைக் காண்பவர் நெஞ்சுக்கு விட்டுவிட்டார்.

உருவங்களின் அமைப்பும் தனித்தன்மை வாய்ந்தது. முகத்தில் கண் மூக்குக் கிடையாது. நிழல் வடிவம்போல ஒரே துணியில் வெட்டிய மனிதர்கள், விலங்குகள், விண்மீன்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் தகோமே நாட்டில் அரசர் வரலாற்றை இவ்வாறே ஒட்டுத்தையல் கொடிகளில் சொல்லும் வழக்கம் உண்டு. கலை ஆராய்ச்சியாளர் சிலர் இரண்டுக்கும் உறவு இருக்கலாம் என்பர். உறுதிப்படுத்தச் சான்று கிடைக்கவில்லை.

ஐந்து டாலர்

அந்தக் கண்காட்சியில் போர்வையைக் கண்டு வியந்து நின்றவர் ஜென்னி ஸ்மித் என்னும் வெள்ளைக்காரப் பெண்மணி. அவர் ஓவியர், ஏதென்ஸ் நகரப் பெண்கள் கல்விக்கூடம் ஒன்றில் ஓவியம் கற்பித்தவர். நாட்டுப்புறத்தில் தேடி அலைந்து ஹாரியெட்டைக் கண்டுபிடித்து, போர்வையை விலைக்குக் கேட்டார். எந்த விலைக்கும் விற்பதற்கில்லை என்று ஹாரியெட் மறுத்துவிட்டார்.

ஆனால் வறுமை காத்திருந்தது. பருத்தி உழவர்களுக்கு அவை கொடிய ஆண்டுகள். சில ஆண்டுகள் சென்றபின், 1891ஐ ஒட்டி, ஹாரியெட் மாட்டு வண்டியில் ஏறி ஜென்னி ஸ்மித்தின் வீட்டு வாயிலுக்கு வந்தார். போர்வை தூய கோணிக்குள் பொதியப்பட்டு அவர் மடியில் இருந்தது. பத்து டாலர் கேட்டார். தம்மிடம் ஐந்துக்குமேல் இல்லை என்றார் ஜென்னி ஸ்மித். ஹாரியெட் வெளியே சென்று கணவரிடம் கலந்து பேசினார். திரும்பி வந்து ஐந்து டாலருக்கே கொடுத்துவிட்டார்.

கொடுத்துவிட்டு உடனே போய்விடவில்லை. ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் வாங்கியவருக்கு எடுத்துச் சொன்னார். ஜென்னி ஸ்மித் அவற்றைக் குறித்துக்கொண்டார். அதன் பின்னரும் பலமுறை அந்த வீட்டுக்கு வந்து, தத்துக் கொடுத்த குழந்தையைப் பார்ப்பதுபோல் போர்வையைப் பார்த்துச் சென்றார். வறுமை அவர் கையிலிருந்து பொருளைப் பிரித்தது. உள்ளத்திலிருந்து பிரிக்க இயலவில்லை.

அந்தப் பத்தாண்டு முழுவதும் அவருக்கு இழப்பின் காலமாகவே அமைந்தது. நிலம் சிறிது சிறிதாகக் கைவிட்டுப் போயிற்று. கணவரும் பிரிந்து சென்றார். ஹாரியெட் மறுமணம் செய்துகொள்ளாமல், தையல் வேலை செய்து தம்மைக் காத்துக்கொண்டார்.

இரண்டாம் போர்வை

1895இல் அட்லாண்டா நகரில் பெரிய பொருட்காட்சி ஒன்று நடந்தது. புக்கர் வாஷிங்டன் புகழ்பெற்ற சொற்பொழிவை ஆற்றியது அங்கேதான். ஜென்னி ஸ்மித் அக்காட்சிக்கு ஹாரியெட்டின் போர்வையை அனுப்பினார். அதைக் கண்ட அட்லாண்டாப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் மனைவிமார் மற்றொரு போர்வை செய்து தரச் சொன்னார்கள் என்பர். அது 1898இல் அப்பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய சார்லஸ் கத்பர்ட் ஹால் என்னும் சமய அறிஞருக்குப் பரிசாக அளிக்கப்பட்டது.

இந்த இரண்டாம் போர்வையில்தான் ஹாரியெட்டின் உள்ளம் முழுமையாகத் திறக்கிறது. பதினைந்து கட்டங்கள். யோபு, மோசே, யோனா முதலியோர் கதைகள் இதிலும் உண்டு. ஆனால் அவற்றின் நடுவே, மக்கள் வாய்மொழியாகப் பேசிவந்த நிகழ்ச்சிகளையும் துணிந்து தைத்துவிட்டார்.

1780 மே 19ஆம் நாள் நண்பகலில் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி இருண்டது. மாடுகள் தொழுவம் திரும்பின, கோழிகள் கூடு அடைந்தன. காட்டுத்தீயின் புகையே காரணம் என்று இன்றைய ஆய்வாளர் மரங்களின் ஆண்டு வளையங்களைக் கொண்டு விளக்குகின்றனர். 1833 நவம்பர் 13ஆம் நாள் இரவில் விண்மீன்கள் மழையாகக் கொட்டின. அது சிம்ம விண்கல் பொழிவு. உலகம் அழியும் நாள் வந்துவிட்டது என்று மக்கள் நடுங்கினார்கள். இவை இரண்டும் ஹாரியெட் பிறப்பதற்கு முன்னர் நிகழ்ந்தவை. ஆயினும் அவர் போர்வையில் இடம்பெற்றுவிட்டன. நாள்காட்டி வைத்துக்கொள்ள வழியில்லாத அடிமை மக்கள், விண்மீன் விழுந்த ஆண்டை வைத்தே தம் வயதைக் கணக்கிட்டு வந்தார்கள். பாட்டி பேத்திக்குச் சொன்ன கதை, பேத்தியின் ஊசியில் ஏறிக்கொண்டது. விழும் விண்மீன்களைத் தடுத்து நிறுத்தும் இறைவனின் கையையும் அவர் தைக்க மறக்கவில்லை.

மற்றொரு கட்டத்தில் 1895 பிப்ரவரியின் கடுங்குளிர். தொழுதபடியே உறைந்துபோன பெண், வாயிற்கதவருகே உறைந்த மற்றொருத்தி, மாவு மூட்டையோடு உறைந்த ஆடவன்; அந்தக் குளிரில் நீலப் பறவைகளெல்லாம் மடிந்தன என்பது அவர் விளக்கம். குளிரின் கொடுமையைச் சொல்வதற்குக் குளிர் காக்கும் போர்வையைவிடப் பொருத்தமான ஏடு எது? தம் கண்முன் நடந்த துன்பத்தையும் விவிலியக் கதைக்குச் சமமாக வைத்தார் அம்மையார். தம் மக்களின் துயரமும் எழுதிவைக்கத் தக்கதே என்று அவர் எண்ணினார் போலும்.

பதின்மூன்றாம் கட்டம் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. இறைவனைப் பற்றி ஏதும் கற்பிக்கப்படாமல் வளர்ந்து, முடிவில் தண்டனைக்கு ஆளான வர்ஜினியாச் செல்வர் இருவர் அங்கே இருக்கிறார்கள். அவர்களோடு ஒரு பன்றியும் இருக்கிறது. ஜார்ஜியாவிலிருந்து வர்ஜினியாவுக்கு 500 மைல் தானாகவே ஓடிச்சென்ற, யாருக்கும் அடங்காத பன்றி அது. பெட்ஸ் என்று அதற்குப் பெயரும் இட்டிருக்கிறார். வடக்கு நோக்கி ஓடுவது என்றால் என்ன என்று அடிமைக் குடிசையில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆராய்ச்சியாளர் பலர் இதை விடுதலைக் குறியாகவே கொள்கின்றனர். செல்வர் தண்டனையில் கிடக்க, பன்றி தன் விருப்பம்போல் ஓடுகிறது! இதைத் தைத்த கைகளுக்கு நகைச்சுவையும் தெரிந்திருந்தது.

மறைவும் புகழும்

1910ஆம் ஆண்டின் முதல் நாளில் ஹாரியெட் காலமானார். ஏதென்ஸ் நகரின் காஸ்பல் பில்கிரிம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அக்கல்லறை எங்கே என்பதுகூட மறக்கப்பட்டு, 2005ஆம் ஆண்டில்தான் மீண்டும் கண்டறியப்பட்டது.

போர்வைகளோ அவரைவிட்டு வெகுதொலைவு சென்றன. இரண்டாம் போர்வை 1964இல் பாஸ்டன் நுண்கலைக் காட்சியகத்தை அடைந்தது. முதற் போர்வை அறுபதுகளின் இறுதியில் வாஷிங்டன் நகரின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு வந்தது. கிளாடிஸ் மேரி ஃப்ரை என்னும் அறிஞர் ஆராய்ந்து அம்மையாரின் வாழ்க்கையை வெளிக்கொணர்ந்தார்.

நீண்ட காலம் ஹாரியெட் எழுத்தறியாதவர் என்றே யாவரும் எழுதிவந்தார்கள். கைரா ஹிக்ஸ் என்னும் எழுத்தாளர் 2009இல் வெளியிட்ட நூல் அக்கருத்தை மாற்றியது. ஹாரியெட் 1896இல் எழுதிய கடிதம் ஒன்றின் படியை அவர் வெளிப்படுத்தினார். ஆண்டை வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து எழுத்துக் கற்றதையும், விவிலியத்தைத் தாமே படித்ததையும், வேறு போர்வைகளும் செய்ததையும் அக்கடிதம் கூறுகிறது. சட்டம் தடுத்த எழுத்தை அவர் கைப்பற்றியிருந்தார். அப்படியிருந்தும் ஏழைக் கறுப்பினப் பெண் என்றவுடன், படிக்கத் தெரியாதவர் என்று உலகம் முடிவு கட்டிவிட்டது. கல்வி கற்கும் நாம் மனத்தில் இருத்த வேண்டிய பாடம் இது.

2021ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் நடந்த காட்சியொன்றில் இரு போர்வைகளும் முதன்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டன. முதற் போர்வை கைமாறிய பிறகே இரண்டாம் போர்வை உருவாயிற்று. ஆகவே, செய்தவரின் வீட்டுக் கூரையின்கீழ் ஒன்றுசேராத அவை, அவர் மறைந்து நூறாண்டுக்குப் பின் ஒன்றுசேர்ந்தன.

நண்பர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஐந்து டாலர் கொடுத்து வாங்கிய பெண்மணி, கட்டங்களின் பொருளைக் கேட்டு எழுதி வைக்காமல் இருந்திருந்தால்? முதற் போர்வையின் கட்டங்களுக்குத் தைத்தவர் சொன்ன பொருள் நமக்குத் தெரிந்திராது; தைத்தவருக்குப் பெயர் இருந்ததும் மறைந்திருக்கும். நம் ஊர்களிலும் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்து, பேரப்பிள்ளைகளைக் குளிரில் போர்த்திய பாட்டிமார் இருக்கிறார்கள். அவர்கள் தைத்ததையும் பின்னியதையும் வரைந்ததையும் நாம் கண்டிருக்கிறோம். இது என்ன, ஏன் இப்படி என்று கேட்டிருக்கிறோமா? வரும் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது கேட்போம். கேட்டதை அவர்கள் பெயரோடு எழுதி வைப்போம்.