கானி மாக்

கானி மாக் (டிசம்பர் 22, 1862 – பெப்ரவரி 8, 1956) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பேஸ்பால் ஆட்டக்காரரும் மேலாளரும் ஆவார். இவரது இயற்பெயர் கொர்னீலியஸ் மக்கிலிகடி. 1901 முதல் 1950 வரை ஐம்பது பருவங்கள் பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ் அணியின் மேலாளராக விளங்கினார். மேஜர் லீக் மேலாளர்களுள் மிகுதியான வெற்றிகளையும் மிகுதியான தோல்விகளையும் பெற்றவர் இவரே.

இளமை

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஈஸ்ட் புரூக்பீல்ட் என்னும் ஊரில், அயர்லாந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே பஞ்சாலையிலும், பின்னர் காலணித் தொழிற்சாலையிலும் வேலை செய்தார். 1884இல் கனெடிகட் மாநிலத்தின் மெரிடன் நகர அணியில் சேர்ந்து தொழில்முறை ஆட்டக்காரரானார்.

ஆட்டக்காரராக

1886இல் வாஷிங்டன் அணியில் கேட்சராகச் சேர்ந்தார். கிரிக்கெட்டில் விக்கெட் காப்பாளரைப் போல, மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவரே கேட்சர். மாக் மட்டை வீச்சில் சிறந்தவர் அல்லர். ஆனால் தந்திரத்தில் வல்லவர். பேச்சுக் கொடுத்து மட்டையாளரின் கவனத்தைக் கலைப்பார். நடுவர் அறியாமல் கையால் மட்டையைத் தட்டிவிடுவார். பந்து மட்டையில் உரசியதைப் போன்ற ஒலியையும் எழுப்புவார்.

உரிமையாளர்களின் கட்டுப்பாடுகளை எதிர்த்து ஆட்டக்காரர்கள் 1890இல் தாமே ஒரு லீக்கைத் தொடங்கினர். மாக் தமது சேமிப்பை அதன் பஃபலோ அணியில் முதலிட்டார். அந்த லீக் ஓராண்டிலேயே முடிவுற்றது. 1891 முதல் 1896 வரை பிட்ஸ்பர்க் அணிக்கு ஆடினார். 1894இல் அதன் மேலாளர் பொறுப்பையும் ஏற்றார்.

மேலாளராக

மில்வாக்கி அணியை நான்கு ஆண்டுகள் நடத்திய பின், 1901இல் புதிய அத்லெட்டிக்ஸ் அணியின் மேலாளரும் பங்குதாரரும் ஆனார். அணிச் சீருடை அணியாமல் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து அமர்ந்து, கையிலுள்ள ஆட்டக் குறிப்பு அட்டையை அசைத்து ஆட்டக்காரர்களை இடம் மாற்றுவார். இவரது அணி 1910, 1911, 1913 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடரை வென்றது.

1914இல் ஃபெடரல் லீக் என்னும் போட்டி லீக் கூடுதல் ஊதியம் தர முன்வந்தது. அதற்கு ஈடுகொடுக்க மாக் விரும்பவில்லை. ஒருகாலத்தில் உரிமையாளர்களுக்கு எதிராக நின்ற இவர், இப்போது உரிமையாளராக இருந்து தம் அணியைக் கலைத்தார். எடி காலின்ஸ் சிக்காகோ அணிக்கு விற்கப்பட்டார். வேறு சிலர் விலகினர். 1914இல் 99 வெற்றிகள் பெற்ற அணி, 1916இல் 36 வெற்றிகளும் 117 தோல்விகளும் பெற்றது. 1915 முதல் ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கடைசி இடத்திலேயே இருந்தது.

பின்னர் லெஃப்டி குரோவ், ஜிம்மி பாக்ஸ், அல் சிம்மன்ஸ், கேட்சர் மிக்கி காக்ரேன் ஆகியோரைக் கொண்டு புதிய அணியை உருவாக்கினார். அவ்வணி 1929, 1930 ஆண்டுகளில் உலகத் தொடரை வென்றது. நுழைவுச்சீட்டு விற்பனையே அக்கால அணிகளின் முதன்மை வருவாயாகும். பெரும் பொருளாதார வீழ்ச்சியால் அது குறையவே, 1932க்கும் 1935க்கும் இடையில் இந்நால்வரும் விற்கப்பட்டனர். அதன்பின் மாக்கின் அணி லீக் பட்டம் எதையும் வெல்லவில்லை. எனினும் உரிமையில் பங்கு இருந்தமையால் 87 வயது வரை இவர் பதவியில் நீடித்தார்.

சிறப்புகள்

மேலாளராக இவர் பெற்ற வெற்றிகள் 3,731, தோல்விகள் 3,948. 1937இல் பேஸ்பால் புகழ்மன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிலடெல்பியாவின் ஷைப் பார்க் அரங்கிற்கு 1953இல் இவரது பெயர் சூட்டப்பட்டது. 1954ஆம் ஆண்டுப் பருவத்திற்குப் பின் அணி விற்கப்பட்டு கன்சாஸ் நகரத்திற்கு மாறியது. மாக் தமது 93ஆவது வயதில் பிலடெல்பியாவில் காலமானார்.