உயிருக்கு இன்சூரன்ஸ் கேட்ட ரெபரி!
2 பந்தில் நடந்த முதல் உலகக் கோப்பை இறுதி ஆட்டம்

உலகக் கோப்பை கால்பந்தின் முதல் இறுதி ஆட்டம் 1930-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி நடந்தது. இடம், தென் அமெரிக்காவில் உள்ள உருகுவே நாட்டின் தலைநகர் மான்டிவீடியோ.

ஆட்டம் தொடங்க சில மணி நேரமே பாக்கி. இரண்டு அணியும் ரெடி. ஆனால் ரெபரி மட்டும் இன்னும் சம்மதம் சொல்லவில்லை!

அவர் 2 நிபந்தனை போட்டார். உயிருக்கு இன்சூரன்சும் தகுந்த பாதுகாப்பும் தர வேண்டும். ஆட்டம் முடிந்த 1 மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் புறப்பட, துறைமுகத்தில் கப்பல் தயாராக நிற்க வேண்டும்.

கேட்டதை ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் அவர் விசிலை கையில் எடுத்தார். அந்த ரெபரியின் பெயர் ஜான் லாங்கனஸ்.

பரீட்சையில் பெயில்

லாங்கனஸ், ஐரோப்பாவில் உள்ள பெல்ஜியம் நாட்டுக்காரர். ஆன்ட்வெர்ப் நகரை ஒட்டிய பெர்ச்செம் என்ற ஊரில் 1891-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி பிறந்தார்.

ரெபரி ஆவதற்கு ஒரு பரீட்சை உண்டு. முதல் தடவை அவர் அதில் பெயில்! தாழ்வாகப் பறக்கும் விமானத்தில் பந்து பட்டால் ரெபரி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்களாம். இப்படியும் ஒரு கேள்வியா? லாங்கனசுக்குப் பதில் தெரியவில்லை.

ஆனால் மனுஷன் விடவில்லை. மறுபடி எழுதி பாஸ் செய்தார். பிறகு ஐரோப்பாவின் பெரிய ரெபரிகளில் ஒருவர் என்று பெயர் எடுத்தார்.

மைதானத்தில் அவர் நிற்கும் தோற்றமே தனி. கோட்டு, கழுத்தில் டை, முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிய தொளதொள கால்சட்டை. ஏதோ ஆபீசுக்குப் புறப்பட்ட அதிகாரி மாதிரி இருப்பார். அந்தக் காலத்து ரெபரிகள் பலர் அப்படித்தான் ஆடுகளத்தில் ஓடினார்கள்.

கடல் கடந்து...

முதல் உலகக் கோப்பைக்கு வந்த நாடுகள் மொத்தம் 13. ஐரோப்பாவில் இருந்து வந்தவை நான்கே நான்கு. காரணம், கப்பலில் போய்ச் சேரவே சுமார் 2 வாரம் ஆகும்.

‘கான்டே வெர்டே’ என்ற கப்பலில் பிரான்ஸ், பெல்ஜியம், ருமேனியா ஆட்டக்காரர்கள் வந்தார்கள். சர்வதேச கால்பந்து சங்கத் தலைவர் ஜூல்ஸ் ரிமே, தங்கக் கோப்பையோடு அதே கப்பலில் வந்தார். லாங்கனசும் அதில்தான் வந்தார்.

மான்டிவீடியோவில் புதிதாகக் கட்டிய சென்டனாரியோ மைதானத்தில் ஜூலை 18-ந் தேதி முதல் ஆட்டம். உருகுவேயும் பெருவும் மோதின. அதற்கும் ரெபரி லாங்கனஸ்தான். அர்ஜென்டினா 6-1 என்று அமெரிக்காவைத் தோற்கடித்த அரை இறுதியையும் அவரே நடத்தினார்.

பக்கத்து வீட்டுப் பகை

இறுதி ஆட்டத்தில் உருகுவேயும் அர்ஜென்டினாவும் எதிர் எதிரே வந்தன. நடுவில் ஒரு ஆறு. இந்தக் கரையில் ஒரு நாடு, அந்தக் கரையில் இன்னொரு நாடு. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். ஆனால் கால்பந்து என்று வந்துவிட்டால் பகையாளிகள்!

1928-ம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்திலும் இவர்கள்தான் மோதினார்கள். தங்கப் பதக்கத்தை உருகுவே கொண்டு போனது. அந்தப் புண் அர்ஜென்டினாவுக்கு இன்னும் ஆறவில்லை.

அர்ஜென்டினா ரசிகர்கள் படகு படகாகப் புறப்பட்டு வந்தார்கள். மூடுபனியில் சிக்கி, ஆட்டம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தவர்களும் உண்டு. மைதான வாசலில் ஒவ்வொருவரையும் நிறுத்தி ஆயுதம் இருக்கிறதா என்று சோதனை போட்டார்கள். அர்ஜென்டினா ஆட்டக்காரர் லூயிஸ் மோன்ட்டிக்குக் கொலை மிரட்டல் வேறு!

எந்தப் பக்கம் தீர்ப்பு சொன்னாலும் இன்னொரு பக்கம் ரெபரியைச் சும்மா விடுமா? லாங்கனஸ் கப்பல் கேட்டதில் என்ன தப்பு?

யார் பந்து?

இத்தனையும் போதாது என்று புதிதாக ஒரு தகராறு முளைத்தது. எங்கள் பந்தில்தான் ஆட வேண்டும் என்றது அர்ஜென்டினா. முடியாது, எங்கள் பந்துதான் என்றது உருகுவே.

தெருவில் விளையாடும் பையன்களுக்கு இந்தச் சண்டை தெரியும். பந்து யாருடையதோ அவன் வைத்ததுதான் சட்டம். இங்கே சண்டை போட்டதோ இரண்டு நாடுகள்!

லாங்கனஸ் யார் பக்கமும் சாயவில்லை. காசு சுண்டிப் பார்த்து முடிவு செய்தார்கள். முன்பாதி ஆட்டம் அர்ஜென்டினா பந்தில், பின்பாதி உருகுவே பந்தில்!

நெஞ்சுரம்

12-வது நிமிடத்தில் உருகுவே முதல் கோலைப் போட்டது. 20-வது நிமிடத்தில் அர்ஜென்டினா அதைச் சமன் செய்தது.

37-வது நிமிடத்தில்தான் லாங்கனசுக்குச் சோதனை வந்தது. அர்ஜென்டினாவின் ஸ்டாபிலே பந்தை வாங்கி வலைக்குள் அடித்தார். உருகுவே கேப்டன் நசாசி, அது ஆப்சைடு என்று கையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பந்து தட்டிவிடப்படும்போது, வாங்குகிறவருக்கும் கோல் எல்லைக்கும் நடுவில் எதிர் அணியினர் 2 பேராவது இருக்க வேண்டும் என்பது அன்றைய ஆப்சைடு விதி. 1925 வரை அது 3 பேர். விதி மாறி 5 வருஷம்தான் ஆகியிருந்தது.

இன்று போல் டி.வி. இல்லை. திருப்பிப் போட்டுப் பார்க்க வழி இல்லை. ரெபரியின் கண்ணுதான் சாட்சி, அவரேதான் நீதிபதி. சுற்றிலும் உருகுவே கூட்டம். ஊரும் அவர்களுடையது, மைதானமும் அவர்களுடையது.

கை காட்டி கோலை ரத்து செய்திருந்தால் கூட்டம் அவரைக் கொண்டாடியிருக்கும். லாங்கனஸ் அப்படிச் செய்யவில்லை. கோல் கோல்தான் என்று சொல்லிவிட்டார்! முன்பாதி முடிவில் அர்ஜென்டினா 2-1 என்று முன்னணி.

உயிருக்கு உத்தரவாதம் கேட்டவர் கோழை என்று நினைத்தவர்களுக்கு அந்த ஒரு விசிலே பதில்.

பின்பாதியில் பந்து மாறியது. ஆட்டமும் மாறியது! உருகுவே வரிசையாக 3 கோல் அடித்தது. கடைசி கோலைப் போட்டவர் காஸ்ட்ரோ. சிறு வயதில் ஒரு கையின் முன்பகுதியை இழந்தவர் அவர். 4-2 என்ற கணக்கில் கோப்பை உருகுவேக்குப் போனது.

மறுநாள் உருகுவே முழுக்க அரசு விடுமுறை. அர்ஜென்டினா தலைநகர் பியூனஸ் அயர்சில் உருகுவே தூதரக அலுவலகத்தின் மீது கல் வீச்சு! இரு நாட்டுக் கால்பந்து சங்கங்களும் உறவையே முறித்துக்கொண்டன. லாங்கனஸ் மட்டும் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தார்.

கோப்பை போச்சு!

அதன் பிறகு 1934, 1938 உலகக் கோப்பைப் போட்டிகளிலும் அவர் ரெபரியாக இருந்தார். தன் அனுபவங்களைப் புத்தகமாகவும் எழுதினார். 1952-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 60.

அன்று உருகுவே வாங்கிய தங்கக் கோப்பை, 1970-ல் பிரேசிலுக்கே நிரந்தரமாகக் கொடுக்கப்பட்டது. 1983 டிசம்பரில் ரியோ டி ஜெனிரோவில் அதைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பக் கிடைக்கவே இல்லை.

அன்று சண்டைக்குக் காரணமான 2 தோல் பந்துகளும் தப்பிப் பிழைத்தன. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் உள்ள தேசிய கால்பந்து அருங்காட்சியகத்தில் அவை பக்கத்தில் பக்கத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

தங்கம் போச்சு. தோல் பத்திரம்!