கால்வாய் வெட்டிய படிக்காத மேதை

ஆற்றின் மேலே பாலம் கட்டுவார்கள். பாலத்தின் மேலே வண்டிகள் போகும். ஆட்கள் நடப்பார்கள்.

ஆனால், அந்தப் பாலத்தின் மேலே தண்ணீர் ஓடினால்? அந்தத் தண்ணீரில் படகு போனால்?

1761-ம் ஆண்டு இங்கிலாந்தில் இந்த அதிசயம் நடந்தது. அதைச் செய்து காட்டியவர் பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. எழுத்துக் கூட்டி எழுதவே சிரமப்பட்டவர்!

அவர் பெயர், ஜேம்ஸ் பிரிண்ட்லி.

தாயார் தந்த படிப்பு

பிரிண்ட்லி 1716-ம் ஆண்டு டெர்பிஷயர் மாவட்டத்தில் பிறந்தார். தாயார் வீட்டில் சொல்லிக் கொடுத்ததுதான் அவருடைய படிப்பு. ஓடைக் கரையில் சின்னஞ்சிறு தண்ணீர்ச் சக்கரம் செய்து சுழல விடுவது அவருக்கு விளையாட்டு.

17 வயதில், மாக்கிள்ஸ்பீல்டு என்ற ஊருக்கு அருகே, ஆலைகளுக்குச் சக்கரம் செய்யும் தச்சர் ஒருவரிடம் வேலை கற்கச் சேர்ந்தார்.

ஒரு சமயம், காகித ஆலைக்கு இயந்திரம் செய்யும் வேலை வந்தது. அதன் அமைப்பு முதலாளிக்குச் சரியாகப் பிடிபடவில்லை. மான்செஸ்டர் நகரின் அருகே அதே போன்ற ஆலை ஒன்று இருந்தது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் பிரிண்ட்லி அங்கே புறப்பட்டார். சுமார் 25 மைல் நடந்து போனார். ஆலையைச் சுற்றிப் பார்த்தார். மீண்டும் 25 மைல் நடந்து, திங்கட்கிழமை காலையில் வேலைக்கு வந்து விட்டார். காகிதத்தில் ஒரு கோடு கூடக் குறித்து வரவில்லை. எல்லாம் மனதில் இருந்தது. இயந்திரம் ஓடியது. இப்படி ஒரு கதை அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது.

1742-ம் ஆண்டு, லீக் என்ற ஊரில் அவர் சொந்தமாகத் தொழில் தொடங்கினார்.

பிரபுவின் நிலக்கரி

மான்செஸ்டருக்கு அருகே உள்ள வொர்ஸ்லியில், பிரிட்ஜ்வாட்டர் பிரபு என்ற செல்வந்தருக்கு நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. மான்செஸ்டரிலோ ஏழைகள் குளிரில் வாடினார்கள். அடுப்பு எரிக்கவும், குளிர் காயவும் நிலக்கரி வேண்டும். ஆனால், சேறும் பள்ளமுமான பாதையில் குதிரை முதுகில் வந்து சேர்வதற்குள் விலை ஏறி விடும்.

கால்வாய் வெட்டிப் படகில் கொண்டு போகப் பிரபு விரும்பினார். குறுக்கே இர்வெல் ஆறு இருந்தது. ஆற்றின் மேலே பாலம் கட்டி, கால்வாயை அதன் மேல் கொண்டு போகலாம் என்றார் பிரிண்ட்லி.

பலர் சிரித்தார்கள். தண்ணீரின் பாரம் தாங்காமல் பாலம் இடிந்து விழும் என்றார்கள்.

பிரிண்ட்லி கலங்கவில்லை. பார்லிமெண்டு குழுவின் முன்பு, பாலாடைக் கட்டியை வெட்டிப் பாலத்தின் மாதிரியைக் காட்டினார் என்று சொல்வார்கள். களிமண்ணும் மணலும் கலந்து, தண்ணீர் விட்டு மிதித்துப் பிசைந்து பூசினால், தண்ணீர் கசியாது. அந்த வித்தை அவருக்குக் கைவந்த கலை.

பார்ட்டன் என்ற இடத்தில் 3 வளைவுகளுடன் தொட்டிப் பாலம் எழுந்தது.

1761 ஜூலை 17-ந் தேதி கால்வாயில் தண்ணீர் விட்டார்கள். எதற்கும் அஞ்சாத பிரிண்ட்லிக்கு அன்று கை, கால் நடுங்கியது. பார்க்க மனம் துணியாமல், ஒரு விடுதிக்குப் போய்ப் படுத்துக் கொண்டாராம்!

பாலம் நின்றது. கீழே ஆற்றிலும் படகு. மேலே பாலத்திலும் படகு! மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். மான்செஸ்டரில் நிலக்கரி விலை பாதியாகக் குறைந்தது.

மலையைக் குடைந்தார்

நாலா பக்கமும் இருந்து அவருக்கு அழைப்பு வந்தது. சுமார் 365 மைல் நீளக் கால்வாய்களுக்கு அவர் திட்டம் வகுத்தார். சிக்கலான வேலை வந்தால், படுக்கையில் படுத்து விடுவார். ஓரிரு நாள் யோசிப்பார். எழுந்திருக்கும்போது விடை தயாராக இருக்கும்.

ஸ்டாபோர்டுஷயரில் பீங்கான் தொழில் நடந்து வந்தது. கரடுமுரடான பாதையில் போகும்போது பீங்கான்கள் உடைந்து நொறுங்கின. புகழ் பெற்ற பீங்கான் வியாபாரி ஜோசையா வெட்ஜ்வுட், கால்வாய்த் திட்டத்துக்குத் தோள் கொடுத்தார். 1766-ம் ஆண்டு முதல் மண்ணை வெட்டி எடுத்தவர் அவரே. டிரென்ட், மெர்சி ஆறுகளை இணைக்கும் அந்தக் கால்வாயின் நீளம் 93 மைல்!

வழியில் ஹேர்காசில் குன்று நின்றது. சுற்றிப் போக வழி இல்லை. குடைந்தே போவது என்று பிரிண்ட்லி முடிவு செய்தார். குகையின் நீளம் 2,880 கஜம். குகைக்குள் குதிரை நடக்க இடம் கிடையாது. படகோட்டிகள் மல்லாந்து படுத்து, சுவரைக் காலால் உந்தி உந்திப் படகை நகர்த்தினார்கள்.

மழையில் வந்த முடிவு

பிரிண்ட்லி 49-வது வயதில், 19 வயதுப் பெண் ஆனியை மணந்தார். 2 பெண் குழந்தைகள் பிறந்தனர். ஆனால், அவர் வீட்டில் தங்கிய நாட்கள் குறைவு. குதிரை மீது ஊர் ஊராக அலைந்தார். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்ததை டாக்டர் எரஸ்மஸ் டார்வின் கண்டுபிடித்தார். அப்போதும் ஓய்வு எடுக்கவில்லை.

1772-ம் ஆண்டு, லீக் ஊர்ப் பக்கம் புதிய கால்வாய்க்கு நிலம் அளக்கப் போனார். மழையில் நனைந்தார். அன்று இரவு ஈரப் படுக்கையில் தூங்க நேர்ந்தது. காய்ச்சல் கண்டது. செப்டம்பர் 27-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 56.

ஹேர்காசில் குகையில் படகு போனதைப் பார்க்க அவர் இல்லை. மனைவியின் சகோதரர் ஹியூ ஹென்ஷல் வேலையைத் தொடர்ந்தார். 1777-ம் ஆண்டு கால்வாய் முழுவதும் திறக்கப்பட்டது.

இன்றும் பார்க்கலாம்

பிரிண்ட்லி கடைசியாக வாழ்ந்த வீடு இப்போது இல்லை. நியூசேப்பல் ஊர் மாதா கோவிலில் அவர் சமாதி இருக்கிறது. பார்ட்டனில் அவர் கட்டிய பாலம், பெரிய கப்பல்கள் போக வழி விடுவதற்காக இடிக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, 1894-ம் ஆண்டு சுழலும் தொட்டிப் பாலம் வந்தது. தண்ணீரோடு அப்படியே திரும்பிக் கப்பலுக்கு வழி விடும்!

நிலக்கரியும் பீங்கானும் போன கால்வாய்களில், இன்று உல்லாசப் படகுகள் போகின்றன. லீக் ஊரில் 1752-ம் ஆண்டு அவர் கட்டிய மாவு ஆலையைக் காட்சிசாலையாகக் காத்து வருகிறார்கள். தாயாரிடம் மட்டுமே பாடம் கேட்ட பிள்ளையின் கைவேலையைக் காண, படித்தவர்கள் அங்கே வந்து போகிறார்கள்.