சகோதரன் அய்யப்பன்

காக்கநாட்டிலிருந்து எர்ணாகுளம் போய்வரும் நம் மாணவர் அனைவருக்கும் எஸ்.ஏ. ரோடு தெரியும். வைற்றிலாவில் தொடங்கிக் கடவந்திரா வழியே பள்ளிமுக்கில் முடியும் அந்தச் சாலையில், மாலை வேளையில் பேருந்து ஊர்ந்து செல்லும்போது அதனைச் சபிக்காதார் நம்மில் எவருமிலர். ஆனால் அவ்விரண்டு எழுத்துகளும் யாருடைய பெயரைச் சுட்டுகின்றன என்று கேட்டிருந்தால், சில திங்களுக்கு முன்வரை என்னாலும் விடை சொல்ல இயன்றிராது. அது சகோதரன் அய்யப்பன் என்னும் பெருமகனாரின் பெயர்.

இவரைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது நம் மன்றத்திலேயே எழுந்த ஒரு சிறு பூசல். பொங்கல் விழாவில் கடவுள் வாழ்த்து முடிந்தவுடன் நண்பர் ஒருவர் மேடையேறி, பறக்கும் நூடுல்ஸ் தெய்வத்துக்கு ஒரு போற்றி பாடினார். பாதிப் பேர் சிரித்தனர். முன்வரிசையிலிருந்த தோழியர் சிலர் எழுந்து வெளியேறினர். அத்தெய்வம் 2005இல் அமெரிக்க இயற்பியல் பட்டதாரி ஒருவர் கான்சாஸ் மாநிலக் கல்விக் கழகத்துக்கு எழுதிய கேலிக் கடிதத்தில் பிறந்தது. சமயக் கொள்கையை அறிவியல் வகுப்பில் நுழைப்பதானால் என் தெய்வத்துக்கும் அங்கே இடம் வேண்டும் என்பது கடிதத்தின் சாரம். பின்னர் 2014இல், நியூயார்க் மாநிலத்துப் பாம்ஃபிரெட் என்னும் சிற்றூரில் ஆட்சிமன்ற உறுப்பினர் ஒருவர், நூடுல்ஸ் வடிக்கும் துளைப்பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பதவி உறுதிமொழி ஏற்றார். பிறர் நம்பிக்கையை நகைக்கலாமா? பொறுப்பிலிருப்பவர் நகைக்கலாமா? விடுதியில் விடியுமட்டும் வாதிட்டோம், முடிவு காணவில்லை.

நூறாண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் இவ்வினாவோடு வாழ்ந்து பார்த்தவர் அய்யப்பன். 1889ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் வைப்பின் தீவில் செறாயி என்னும் ஊரில் ஈழவர் குடும்பத்தில் பிறந்தார். கோழிக்கோட்டிலும் திருவனந்தபுரத்திலும் கற்றுப் பட்டம் பெற்றார். பின்னாளில் சட்டமும் பயின்றார். இளமையிலேயே நாராயண குருவின் அடியொற்றி நடக்கலானார்.

குரு யார்? 1888இல் அருவிப்புறத்தில், தீண்டாதார் என்று தள்ளப்பட்ட மக்களுக்காகத் தம் கையால் சிவனை நிறுவிய துறவி. மாந்தர்க்குச் சாதி ஒன்றே, மதம் ஒன்றே, கடவுள் ஒன்றே என்று உரைத்தவர். 1914இல் அவர் இயற்றிய தெய்வ தசகம் என்னும் பத்துப் பாட்டு இன்றும் கேரளத்தில் வீடுதோறும் ஒலிக்கிறது. அந்தக் குருவின் சீடர் என்ன செய்தார் தெரியுமா? 1916இல், குருவின் பத்துப் பாட்டுக்கு எதிரே தாமும் ஒரு பத்துப் பாட்டுப் பாடினார். அதன் பெயர் சயன்ஸ் தசகம். கடவுள் அமர்ந்திருந்த இருக்கையில் அறிவியலை அமர்த்தி வணங்கும் பாட்டு அது! அதோடு நின்றாரா? இல்லை. ஆசானின் கொள்கையையே தலைகீழாகக் கவிழ்த்து, மாந்தர்க்குச் சாதி வேண்டா, மதம் வேண்டா, கடவுளும் வேண்டா என்றார். அறம் மட்டும் வேண்டும், அதுவும் தக்கவாறு வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார். இந்தப் பிற்சேர்க்கையைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

சயன்ஸ் தசகத்தைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அறிவியலை வணங்குவது எனக்கு ஒப்பவில்லை. ஆய்வுக்கூடத்தில் நாள் முழுதும் நிற்கிறோம். அங்கே எதுவும் நம்மிடம் வணக்கம் கேட்பதில்லை, ஐயத்தைத்தான் கேட்கிறது. ஆயினும் இளைஞர் ஒருவர், தாம் உயிரினும் மேலாகப் போற்றிய ஆசானுக்கே எதிர்ப்பாட்டுப் பாடினாரே, அந்தத் துணிவை வியக்காமல் இருக்க முடியவில்லை.

பாட்டோடு நின்றிருந்தால் அவரை ஒரு குறும்புக்காரர் என்று விட்டிருப்பார்கள். 1917ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் செறாயியில் ஈழவரையும் புலையரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உண்ணச் செய்தார். சோறும், பலாக்கொட்டையும் கடலையும் சேர்ந்த கறியும்தான் உணவு. விளைவோ பெரிது. கலந்துண்ட குடும்பங்களை ஊர்ச் சபை விலக்கி வைத்தது. ஏசினர், தாக்கினர். புலையன் அய்யப்பன் என்று பட்டம் சூட்டினர். அவர் அதைப் பெருமையோடு ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டே சகோதர சங்கமும், பின்பு 1956வரை நடந்த சகோதரன் இதழும் தோன்றின. இதழின் பெயரே அவருக்கும் நிலைத்தது.

இவ்விடத்தில்தான் கதை சுவைக்கிறது. சமபந்தியைக் குரு விரும்பவில்லை என்று எதிரிகள் வதந்தி பரப்பினர். கடவுளை மறுத்த சீடரைக் கைவிடக் குருவுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? அவரோ, மாந்தரின் மதமும் உடையும் மொழியும் எதுவாயினும் அவர்கள் ஓரினமே, ஆதலின் கலந்துண்பதிலும் மணந்துகொள்வதிலும் தவறில்லை என்னும் கருத்தைத் தம் கைப்பட எழுதிக் கொடுத்தார். 1921இல் வெளிவந்த இச்செய்தியை மலையாள மக்கள் மகாசந்தேசம் என்று போற்றுகின்றனர். கடவுளைப் பாடிய துறவியும் கடவுளை மறுத்த சீடரும் கடைசிவரை பிரியவில்லை. 1924இல் குரு ஆலுவா ஆசிரமத்தில் சர்வமத மாநாடு கூட்டினார். தலைமை தாங்கியவர் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்த சதாசிவ ஐயர். வாதிட்டு வெல்வதற்கன்று, அறியவும் அறிவிக்கவுமே கூடுகிறோம் என்று வாயிலில் எழுதி வைத்திருந்தனர். நம் மன்றத்து வாயிலிலும் ஒன்று எழுதி மாட்டலாம்.

1928இல் குரு மறைந்தார். அவ்வாண்டே அய்யப்பன் கொச்சிச் சட்டமன்றம் புகுந்தார். மறு ஆண்டு நண்பர்களோடு யுக்திவாதி இதழையும் தொடங்கினார். கவனியுங்கள்: ஒரு கையில் பகுத்தறிவு இதழ், மறு கையில் மக்கள் தந்த பதவி. 1946க்குப் பின் கொச்சியிலும், 1949இல் இணைந்த திருவிதாங்கூர்-கொச்சியிலும் அமைச்சராக இருந்தார். பெரும்பான்மையோர் கோயிலுக்கோ மாதா கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போகும் நாட்டில், எதற்கும் போகாத ஒருவர் அமைச்சர்! இங்கிலாந்தில் பிராட்லா என்னும் நாத்திகர் 1880இல் தேர்தலில் வென்றும், உறுதிமொழிச் சிக்கலால் 1886வரை மன்றத்தில் நிலையாக அமர முடியாமல் அலைந்ததை நினைத்தால் இதன் அருமை விளங்கும். நம் அரசியலமைப்போ ஆண்டவன் பெயராலும் உறுதி கூறலாம், உளமாரவும் கூறலாம் என்று இரு வழியையும் திறந்து வைத்திருக்கிறது.

சட்டமன்றத்தில் அய்யப்பன் போராடியது ஒடுக்கப்பட்டோரின் உரிமைக்கு. அவருக்குக் கோயில் தேவைப்படவில்லை. ஆனால் ஒருவன் போக விரும்பும் தெருவை இன்னொருவன் அடைப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. நம் ஈ.வெ.ரா. பெரியாரையும் இங்கே நினைக்கலாம். ஈரோட்டில் தேவஸ்தானக் குழுப் பொறுப்பேற்றுக் கோயில் நிருவாகத்தைச் செம்மையாக நடத்தியவரும் அவரே, 1924இல் வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்காகச் சிறை சென்றவரும் அவரே, பிற்காலத்தில் பிள்ளையார் சிலையை உடைத்தவரும் அவரே. தம் கருத்துக்குப் பேனாவையும் மேடையையும் வைத்துக்கொண்டனர். பிறர் ஒப்படைத்த சாவியைப் பிறருடையதாகவே காத்தனர். நூடுல்ஸ் போற்றி பாடிய நண்பரிடம் நான் கண்ட குறை இதுதான். தம் அறையிலோ, இந்த இதழிலோ அதைப் பாடியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். அன்று அவர் நின்ற மேடை, வெளியேறிய தோழியருக்கும் சொந்தமானது. இன்னொன்றும் உண்டு: அய்யப்பன் எதிர்ப்பாட்டுப் பாடியது தம் ஆசானுக்கே, அதற்குரிய விலையையும் தாமே கொடுத்தார். நண்பர் எந்த விலையும் கொடுக்கவில்லை. கடவுள் வாழ்த்தை வைத்தவர்களாகிய நாங்களும், அதைப் பாட விரும்பாதவர் என்ன செய்வார் என்று ஒரு கணமும் எண்ணவில்லை.

அய்யப்பன் 1968ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் நாள் மறைந்தார். செறாயியில் அவருக்கு நினைவகம் இருக்கிறது. ஞாயிறுதோறும் அவ்வூர்க் கடற்கரைக்குப் போகும் தோழர்கள், ஒருமுறை வழியில் இறங்கிப் பார்த்து வரலாம். வரும் பொங்கலுக்குள் நானும் நூடுல்ஸ் நண்பரும் சேர்ந்து போவதாக இருக்கிறோம். வெளியேறிய தோழியருள் ஒருவரும் உடன்வர இசைந்திருக்கிறார்.