துதித்துத் துயர் கடந்தவர்

எங்கள் ஊர்க் கோயிலில் பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் ஒரு பாட்டைத் தவறாமல் பாடுவோம். முள்முடி சூடிக் குருதி வடியும் இயேசுவின் திருமுகத்தை நோக்கிப் பாடும் பாட்டு அது. சிறு வயது முதல் நானும் பாடி வந்தேன். எழுதியவர் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

வீட்டை விட்டு நெடுந்தொலைவு வந்து, இப்பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகுதான் கேட்கத் தோன்றியது. அதற்குக் காரணம் உண்டு. முதல் ஆண்டுத் தேர்வில் நான் தவறிவிட்டேன். வீட்டுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் விடுதி அறையின் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். செபம் செய்யவும் மனம் வரவில்லை. துதி என்ற சொல்லே எனக்குக் கேலியாகப் பட்டது. மகிழ்ந்திருப்பவன் அல்லவா துதிப்பான் என்று எண்ணினேன். அந்நாட்களில்தான் அந்தப் பாட்டைத் தந்த பவுல் கெர்ஹார்டின் வரலாற்றைப் படித்தேன். நம் சங்கத்து நண்பர்கள் எச்சமயத்தவராயினும், அவ்வரலாறு அவர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

கெர்ஹார்ட் ஜெர்மன் நாட்டவர். 1607ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் கிரேபன்ஹைனிக்கன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அவ்வூரின் நகரத் தலைவர். கெர்ஹார்டுக்கு 12 வயதாகும்போது தந்தை இறந்தார். இரண்டே ஆண்டுகளில் தாயும் மறைந்தார். அதற்குள் முப்பதாண்டுப் போர் மூண்டுவிட்டது. 1618இல் தொடங்கி 1648வரை ஜெர்மன் நாட்டைச் சுடுகாடாக்கிய போர் அது. வாளுக்குத் தப்பியவரைப் பஞ்சம் தின்றது. பஞ்சத்துக்குத் தப்பியவரைக் கொள்ளைநோய் கொண்டுபோயிற்று.

பெற்றோரை இழந்த சிறுவன் கிரிம்மா நகரப் பள்ளியில் பயின்று, 1628இல் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் இறையியல் மாணவனாகச் சேர்ந்தான். லூத்தர் கற்பித்த பல்கலைக்கழகம் அது. 1637இல் சுவீடன் நாட்டுப் படையினர் கெர்ஹார்டின் சொந்த ஊரைக் கொளுத்தினர். அவர் பிறந்து வளர்ந்த வீடும் சாம்பலாயிற்று. அதே ஆண்டில் அவருடைய அண்ணன் கொள்ளைநோய்க்கு இரையானார். விடுமுறைக்குப் போக ஒரு வீடு நமக்கு இருக்கிறது. அவருக்கு அதுவும் இல்லை.

படிப்பு முடிந்தும் வேலை கிடைத்தபாடில்லை. பெர்லின் நகரத்தில் ஒரு வழக்கறிஞர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் காலம் கழித்தார். அங்கேதான் அவருடைய பாட்டு பிறர் செவிக்கு எட்டியது. நிக்கலாஸ் கோயிலின் இசையாசிரியர் யோகான் குரூகர் 1647இல் வெளியிட்ட பாட்டுப் புத்தகத்தில் கெர்ஹார்டின் 18 பாடல்களைச் சேர்த்தார். போர் இன்னும் ஓயவில்லை. முறையான பதவியும் இல்லை. வயதோ 40. அந்நிலையில் இருந்தவர் பாடியவற்றுள் நன்றிப் பாடல்களும் காலைத் துதிகளும் இருந்தன!

1651இல், தம் 44ஆம் வயதில், மிட்டன்வால்டே என்னும் ஊரில் குருவானவராக அமர்ந்தார். 1655இல் அந்த வழக்கறிஞரின் மகள் அன்னா மரியாளை மணந்தார். மறு ஆண்டு பிறந்த பெண் குழந்தை ஓராண்டு நிறையுமுன் மறைந்தது. 1657இல் பெர்லினுக்கு, அதே நிக்கலாஸ் கோயிலுக்கு, ஊழியராகத் திரும்பினார். அங்கேயும் தொட்டில் வெறுமையாகிக்கொண்டே இருந்தது. பிறந்த ஐந்து குழந்தைகளில் நான்கை அவர் அடக்கம் செய்தார். ஒரு மகனே எஞ்சினான்.

துன்பம் அத்தோடு நிற்கவில்லை. லூத்தர் வழியினரும் கால்வின் வழியினரும் ஒருவரையொருவர் பிரசங்க மேடையிலிருந்து தாக்குவதை நிறுத்தவேண்டும் என்று, பிராண்டன்பர்க் நாட்டை ஆண்ட பிரடெரிக் வில்லியம் 1664இல் ஆணையிட்டார். குருமார் அதற்குக் கையெழுத்திட வேண்டும். ஆணையின் நோக்கம் அமைதிதான். இன்று நம்மில் பலர் அரசர் பக்கமே நிற்கக்கூடும். ஆனால் கையெழுத்திட்டால் தம் விசுவாச அறிக்கையைக் கைவிட்டதாகும் என்று கெர்ஹார்டின் மனச்சான்று சொன்னது. அவர் மறுத்தார். 1666 பிப்ரவரியில் பதவி பறிக்கப்பட்டது. நகர மக்களும் தொழிற்குழுவினரும் அவருக்காக மன்றாடினர். 1667 சனவரியில் கையெழுத்து இல்லாமலே பதவியைத் திருப்பித் தர அரசர் இசைந்தார். ஆயினும் ஆணையின்படி நடப்பார் என்ற எதிர்பார்ப்பு அதில் மறைந்திருந்தது. அதைக்கூட ஏற்க மனமின்றி அவர் விலகிக்கொண்டார். 1668 மார்ச்சில் அன்னா மரியாளும் கண் மூடினார்.

இவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. நாடு கடத்தப்பட்டு வரும் வழியில், ஒரு சத்திரத்தில் மனைவி அழுதாராம். கெர்ஹார்ட் தோட்டத்துக்குச் சென்று, நம் வழிகளை இறைவனிடம் ஒப்படைக்கச் சொல்லும் புகழ்பெற்ற பாடலை அங்கேயே எழுதி வந்து அவரைத் தேற்றினாராம். உருக்கமான கதைதான், உண்மை அன்று. 37ஆம் சங்கீதத்தின் ஐந்தாம் வசனத்துச் சொற்களை எடுத்து, ஒவ்வொரு செய்யுளுக்கும் ஒன்றாக முதலில் நிறுத்தி அமைத்த அப்பாடல், 1653இலேயே அச்சேறிவிட்டது. பதவி போனதோ பதின்மூன்று ஆண்டு கழித்து.

கதை பொய் என்று அறிந்தபோது முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிறகு எண்ணிப் பார்த்தேன். மணமாகுமுன், குழந்தைகளை இழக்குமுன் எழுதிய பாட்டை, எல்லாம் இழந்த பின்னும் அவர் ஆராதனையில் பாடியாக வேண்டும். தாம் எழுதியது மெய்தானா என்று ஒவ்வொரு கல்லறையின் அருகிலும் அவர் கேட்டுக்கொண்டிருக்க மாட்டாரா? எழுதுவதைவிட அது கடினம் அல்லவா?

1669இல் சாக்சனி ஆட்சிக்கு உட்பட்ட லூபன் என்னும் சிறு நகரில் ஊழியம் ஏற்றார். நமக்குக் கிடைத்துள்ள அவர் பாடல்களில் ஏறக்குறைய எல்லாம் அதற்கு முன்பே வெளிவந்தவை. பாடல் ஊற்று வற்றிற்று எனலாம், ஆராதனை நிற்கவில்லை. ஏழாண்டு அவ்வூர் மக்களை வழிபாட்டில் நடத்தி, 1676ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் மறைந்தார். சாத்தானின் சல்லடையில் புடைக்கப்பட்ட இறையியலார் என்னும் பொருள்பட அவர் உருவப்படத்தில் இலத்தீனில் எழுதி வைத்தனர். அவர் ஊழியம் செய்த கோயில் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அவர் பாடல்கள் அவரோடு அடங்கவில்லை. இசைமேதை பாக், மத்தேயு எழுதிய பாடுகளின் வரலாற்றுக்கு இசையமைத்தபோது அவற்றை எடுத்தாண்டார். ஹிட்லரை எதிர்த்துச் சிறைப்பட்ட போன்ஹோபர், 1943இல் பெர்லின் சிறையில் அப்பாடல்களால் ஆறுதல் பெற்றார். 1945 ஏப்ரலில் அவர் தூக்கிலிடப்பட்டார். ஜெர்மன் மிஷனெரிமார் தரங்கம்பாடிக்குக் கொண்டுவந்த பாட்டு மரபின் வழியே கெர்ஹார்டின் குரல் தமிழிலும் ஒலித்தது. எங்கள் ஊர்க் கோயிலில் நான் பாடியது அக்குரலைத்தான்.

துயரம் தீர்ந்த பிறகு துதிப்பது என்றால், கெர்ஹார்ட் ஒரு வரியும் பாடியிருக்க முடியாது. இழப்பை இழப்பு என்றே சொல்லிக்கொண்டு, அதைவிடப் பெரியவர் ஒருவர் உண்டு என்று வாயால் அறிக்கை செய்வதே துதி என்று அவர் வாழ்வு எனக்குக் கற்பித்தது. வரலாற்றைப் படித்து முடித்த ஞாயிறன்று கோயிலுக்குப் போனேன். மனம் தெளிந்து போகவில்லை; கனத்த மனத்தோடுதான் போனேன். முதற்பாட்டில் குரல் எழவில்லை. இரண்டாம் பாட்டில் அருகில் இருந்த முதியவரின் குரலைப் பற்றிக்கொண்டு நானும் பாடினேன். அன்று மாலை வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். தேர்வில் தவறியதை மறைக்காமல் எழுதினேன்.